அப்பா பெயரில் இருக்கும் வீடு: பதினாறாம் நாளுக்குப் பிறகு செய்ய வேண்டியவை

எங்கள் அப்பா தவறியபோது வீட்டுப் பத்திரம் பீரோவின் கீழ்த்தட்டில், ஒரு பழைய ஜவுளிக்கடைப் பையில் இருந்தது. காரியம் முடிந்ததும் அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், யாரு தூக்கிட்டுப் போகப் போறா" என்று திரும்ப வைத்தார். எங்களுக்கும் அதுதான் சரி என்று பட்டது. மூன்று வருடம் கழித்துப் பாட்டி போனார். அதற்குப் பிறகுதான் அந்தப் பை எங்களைப் பதிவு அலுவலகம், தாலுகா அலுவலகம், வக்கீல் வீடு என்று அலையவிட்டது. என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அப்போது எங்களுக்கு யாரும் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில், உயில் எழுதாமல் காலமான ஒருவரின் வீடு அல்லது மனையை வாரிசுகள் பெயருக்குக் கொண்டுவரும் வழி இது. ஊருக்கு ஊர் நடைமுறை கொஞ்சம் மாறும், வரிசை மாறாது.

இறப்புச் சான்றிதழில் எழுத்துப் பார்ப்பது

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் நடந்திருந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். வீட்டில் என்றால் நாம்தான் சொல்ல வேண்டும். தாமதமானால் அபராதக் கட்டணம், ஒரு வருடத்தைத் தாண்டினால் விசாரணை, உத்தரவு என்று இழுக்கும்.

சான்றிதழ் வாங்குவது பெரிய வேலை இல்லை. அதில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. பத்திரத்தில் "கோவிந்தசாமி", ஆதாரில் "கோவிந்தசாமி ஆர்", சான்றிதழில் "கோவிந்தசாமி ராமசாமி" என்று இருந்தால், இவர்கள் மூவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நீங்கள் அலைய நேரிடும். ஆஸ்பத்திரியில் விவரம் எழுதிக்கொள்ளும்போது யாரும் எழுத்துப்பிழை பார்க்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். கொஞ்சம் நிதானமான ஒரு மச்சானையோ மாமாவையோ ஆதார் அட்டையோடு அந்த மேசைக்கு அனுப்புங்கள்.

யார் யார் வாரிசு

நிறையக் குடும்பங்கள் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கும் இடம் இது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி, உயில் இல்லாமல் ஒரு இந்து ஆண் இறந்தால், அவர் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும்: மனைவி, மகன்கள், மகள்கள், அம்மா. முன்பே இறந்துபோன மகன் அல்லது மகள் இருந்தால் அவர்களுடைய பிள்ளைகளும், இறந்த மகனின் மனைவியும் அந்தக் கிளையின் பங்குக்கு வருவார்கள். இறந்தவரின் அப்பா இந்த வகுப்பில் வர மாட்டார், அம்மா வருவார். அதாவது நம் பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு சம பங்கு. "பாட்டிக்கு எதுக்கு, அவங்க பாட்டுக்கு இருக்காங்க" என்று சொல்வது பாசமாக இருக்கலாம், சட்டம் அதைக் கேட்காது.

மகள் கல்யாணமானவரா இல்லையா என்பதும் இங்கே கணக்கே இல்லை. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1956-லிருந்தே இருக்கிறது. 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும், 2005-இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தமும் கூட்டுக்குடும்பத்துப் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்த்துவிட்டது: இருந்திருக்க வேண்டியதில்லை. "நகை போட்டுச் சீர் செஞ்சாச்சு, இனி என்ன பங்கு" என்ற பேச்சு திண்ணையில் செல்லும், சார்பதிவாளர் முன்னால் செல்லாது.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பம் என்றால் ஷரியத்: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இறந்தவரின் பெற்றோருக்கு ஆளுக்கு ஆறில் ஒன்று, மீதியில் மகனுக்கு மகளைப் போல இரு மடங்கு. இனி நான் சொல்லும் பங்குக் கணக்கு இந்துக் குடும்பத்துக்கானது. அலுவலக நடைமுறை எல்லோருக்கும் ஒன்றுதான்.

இப்போது எங்கள் கதை. அப்பா இறந்த அன்று வீட்டுக்கு நான்கு உரிமையாளர்கள்: அம்மா, நான், தம்பி, பாட்டி. ஆளுக்கு நான்கில் ஒன்று. அன்றைக்கே எழுதியிருந்தால் நான்கு பேரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள், ஒரே ஆட்டோவில் போய் வந்திருக்கலாம். நாங்கள் சும்மா இருந்தோம். பாட்டி தவறியதும், அவருடைய நான்கில் ஒரு பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போனது. தாத்தா முன்பே இல்லை. ஆக சித்தப்பாவுக்குப் பன்னிரண்டில் ஒன்று, அத்தைக்குப் பன்னிரண்டில் ஒன்று, இறந்த அப்பாவின் இடத்தில் எனக்கும் தம்பிக்கும் சேர்த்துப் பன்னிரண்டில் ஒன்று. மருமகளான அம்மாவுக்கு அந்தப் பங்கில் எதுவும் இல்லை. அப்பா தன் சம்பளத்தில் கட்டிய வீட்டில் சித்தப்பா பங்குதாரர். அவர் நல்ல மனிதர், கையெழுத்துப் போடத் தயார். ஆனால் அத்தை சிங்கப்பூரில் மகளோடு இருந்தார்.

பாட்டிக்குத் தனியாக ஒரு வாரிசுச் சான்றிதழ், அத்தை சார்பில் இங்கே ஒருவர் கையெழுத்திட அவரிடமிருந்து அதிகாரப் பத்திரம், இரண்டு தடவை ஒத்திப்போன பதிவு நாள். இதெல்லாம் "இருக்கட்டும்" என்ற ஒரு வார்த்தையின் செலவு.

வாரிசுச் சான்றிதழ்

இறந்தவர் கடைசியாகக் குடியிருந்த ஊரின் வட்டாட்சியர் தருவது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, எல்லா வாரிசுகளின் ஆதார், சுய உறுதிமொழி ஆகியவை வேண்டும். மையத்தில் "கேன் நம்பர் இருக்கா" என்று கேட்பார்கள். வருவாய்த்துறைச் சான்றிதழ்களுக்காக ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் அடையாள எண் அது, இல்லையென்றால் அங்கேயே பதிந்து கொடுப்பார்கள். அப்புறம் விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போகும். விஏஓ வீட்டுக்கு வரலாம், அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம். விண்ணப்பித்ததும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கோப்பு தூங்காது.

இதில் ஒரு வாரிசையும் விடாதீர்கள். வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன், காதல் கல்யாணம் செய்துகொண்டு போன தங்கை, முதல் தாரத்துப் பிள்ளை என்று யாராக இருந்தாலும் எழுதுங்கள். மறைத்து வாங்கிய சான்றிதழ் ரத்தாகும், பொய் உறுதிமொழி கொடுத்ததற்குத் தனியாக வழக்கு வரும். அதைவிட முக்கியம், விட்டுப்போனவருடைய பங்கு எங்கேயும் போகாது. இருபது வருடம் கழித்து வீட்டை விற்கும்போது அவர் வாசலில் வந்து நிற்பார்.

இன்னொன்று: வாரிசுச் சான்றிதழ் வேறு, நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் வேறு. இரண்டாவது, வங்கிப் பணம், பங்குகள், இறந்தவருக்கு வர வேண்டிய கடன் போன்றவற்றுக்கானது. வீட்டுக்கு அது தேவையில்லை. வங்கியில் நாமினி இருக்கிறார் என்பதாலேயே பணம் முழுக்க அவருடையது ஆகிவிடாது. வாங்கி வைத்திருந்து வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர் அவர்.

பத்திரங்களையும் வில்லங்கத்தையும் பார்ப்பது

அப்பா வாங்கிய கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது இவற்றைத் தேடி ஒரு இடத்தில் வையுங்கள். அசல் பத்திரம் கிடைக்கவில்லையென்றால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம் என்று மாதங்கள் ஓடும். அதனால் அந்த வேலையை முதலில் தொடங்குங்கள்.

ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்தான் வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் அதை இலவசமாகவே பார்க்கலாம். பல அலுவலகங்களுக்கு 1975-லிருந்து கிடைக்கிறது, அதற்கு முந்தையது வேண்டுமென்றால் அலுவலகத்தில் மனுப்போட வேண்டும். வீட்டுக் கடன் வாங்கி அடைத்திருந்தால் இங்கே கவனம். வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்ததற்கான பதிவு வில்லங்கத்தில் நிற்கும். கடன் அடைந்ததும் வங்கி ரசீது ஆவணம் பதிந்திருக்க வேண்டும். பத்திரம் கையில் வந்துவிட்டதே என்று அப்பா அதோடு விட்டிருப்பார். அதை முதலில் முடியுங்கள். கடன் பாக்கி இருந்தால், கடனோடு சேர்த்து அவர் பெயரில் காப்பீடு எடுத்திருந்தார்களா என்று வங்கியில் கேளுங்கள். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

உயில் வில்லங்கத்தில் வராது. பதிவான உயில்கள் தனிப் புத்தகத்தில் இருக்கும். அப்பா யாருக்கும் சொல்லாமல் உயில் பதிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், இறப்புச் சான்றிதழோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடச் சொல்லி நகல் கேட்கலாம். பதியாத உயிலும் செல்லும், இரண்டு சாட்சிகள் முறையாகக் கையெழுத்திட்டிருந்தால். உயில் என்று ஏதாவது தாள் கிடைத்தால் இங்கேயே நிறுத்திவிட்டு வக்கீலைப் பாருங்கள், ஏனென்றால் அப்போது வழி வேறு.

பட்டா

வாரிசுச் சான்றிதழ் வந்தவுடனே, எந்தப் பத்திரமும் எழுதும் முன்னாலேயே, எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா கேட்டு விண்ணப்பியுங்கள். இ-சேவையிலேயே செய்யலாம். இறந்தவர் பெயரிலேயே பட்டா இருந்தால் பின்னால் பதியும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் கேள்வி வரும். வாரிசுகள் பெயர் ஏறிவிட்டால் அடுத்த மாற்றம் எளிது. மனை உடைந்து பிரிந்தால் அது உட்பிரிவு மாற்றம். சர்வேயர் வந்து அளக்க வேண்டும், நாளாகும்.

பட்டா வந்துவிட்டதாலேயே சொத்து உங்களுடையது என்று ஆகிவிடாது. அது வருவாய்த்துறைப் பதிவு. உரிமையைச் சொல்வது பத்திரமும் வாரிசுரிமையும்தான்.

எந்தப் பத்திரம் எழுதுவது

எல்லோரும் சேர்ந்தே வைத்திருக்கலாம், தவறில்லை. ஆனால் பிரிப்பதாக இருந்தால் மூன்று வழி.

ஒருவரே வீட்டை வைத்துக்கொள்ளட்டும், மற்றவர்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள் என்றால் விடுதலைப் பத்திரம். பலருக்கும் தனித்தனி பாகம் என்றால் பாகப்பிரிவினை. அம்மா தன் பங்கைப் பிரியத்தோடு ஒரு பிள்ளைக்கு எழுதிக்கொடுக்கிறார் என்றால் செட்டில்மென்ட். மூன்றையும் கட்டாயம் பதிய வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதிய கூர்ச்சீட்டை நம்பி, ஆளுக்கொரு பக்கம் சுவர் வைத்துக்கொண்டவர்கள் நிறைய. அந்தத் தாளை வைத்துக்கொண்டு வங்கிக் கடனுக்குப் போகும்போது உண்மை தெரியும்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். குடும்ப உறுப்பினர்களுக்கிடையே இந்தப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை சொத்து மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் நிர்ணயித்த வரம்புகள் இவை. பாகப்பிரிவினையில் தீர்வையின் உச்சவரம்பு ஒவ்வொரு பாகத்துக்கும் தனியாக வரும். அக்கா தன் 10 லட்ச ரூபாய்ப் பங்கைத் தம்பிக்கு விடுதலை எழுதினால் தீர்வை 10,000, பதிவு 10,000. அதையே கிரயமாக எழுதினால் 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்த்து 90,000. மதிப்பு என்பது அரசு வழிகாட்டி மதிப்புதான், அதை இணையதளத்தில் தெருப்பெயர் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். சித்தப்பா, அத்தை என்று வட்டம் பெரிதானால் சலுகை பொருந்துமா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரம் அச்சான பிறகு கேட்டால் முத்திரைத்தாள் வீண்.

பணம் கைமாறினால் பத்திரத்தில் எழுதுங்கள். "அன்பினால் விட்டுக்கொடுத்தேன்" என்று எழுதிவிட்டு, அக்காவுக்கு ஐந்து லட்சம் தருவதாக வாயால் சொல்வது இரண்டு பேருக்குமே ஆபத்து. அவருக்குப் பணம் வராமல் போகலாம், கொடுத்தவருக்குச் சான்று இல்லாமல் போகலாம்.

வாரிசுகளில் 18 வயது நிரம்பாத பிள்ளை இருந்தால், அம்மாவே பாதுகாவலர் என்றாலும், பிள்ளையின் பங்கை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத பத்திரத்தை அந்தப் பிள்ளை வளர்ந்து வந்து ரத்து செய்யக் கேட்கலாம். இந்த நிலைமையில் கூட்டுப் பட்டாவோடு நிறுத்திவைப்பதே நல்லது என்பேன்.

என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. அம்மாவிடம் முழுப் பங்கையும் எழுதி வாங்காதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், ஆயுள் முழுக்க அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும், பெறுகிறவர் அவரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். அந்த நிபந்தனை இருந்து, பிள்ளை கவனிக்கவில்லையென்றால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். "என் பையன் அப்படியெல்லாம் இல்லை" என்று அம்மா சொல்வார். சரி, அப்படியே இருக்கட்டும், ஒரு வரி எழுதுவதில் பையனுக்கு என்ன நஷ்டம்?

வெளிநாட்டில் இருப்பவர், ஒத்துவராதவர்

வெளிநாட்டிலிருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். எங்கள் அத்தையின் தபால் வந்தபோது சித்தப்பா அதைப் பத்திரமாகப் பூஜை அறையில் வைத்துவிட்டார். கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதிகாரம் "சொத்தை நிர்வகிக்க" என்று பொதுவாக இருந்தால் போதாது, சர்வே எண்ணோடு இந்தச் சொத்து, இன்ன பத்திரத்தில் கையெழுத்திட என்று இருக்க வேண்டும். வாசகத்தை இங்குள்ள பத்திர எழுத்தரிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள்.

ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் அடுத்த நாளே வழக்கு என்று ஓட வேண்டாம். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, உதவி எண் 15100. வழக்குப் போடும் முன்பே அங்கே மனுக்கொடுத்து எதிர்த்தரப்பை அழைத்துப் பேசவைக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பெண்கள், பட்டியலின, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீலே கிடைப்பார். அதிலும் முடியாவிட்டால்தான் பாகப்பிரிவினை வழக்கு. அது ஓடுகிற வேகத்தில் வாரிசுகள் இன்னும் கூடுவார்கள்.

பதிவு நாள்

இணையத்தில் டோக்கன் எடுத்து, இரண்டு சாட்சிகள், எல்லோருடைய அசல் அடையாள அட்டை, பான் கார்டு, அசல் பத்திரம் எல்லாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். தீர்வையும் கட்டணமும் இணையத்திலேயே கட்டி ரசீது எடுங்கள். அலுவலக வாசலில் "நான் பார்த்துக்கிறேன்" என்பவரிடம் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். புகைப்படம், கைரேகை, கையெழுத்து எல்லாம் அரைமணி வேலை. காத்திருப்புத்தான் அரைநாள், அதனால் வயதானவர்களைச் சாப்பிடவைத்து அழைத்துப் போங்கள்.

கையெழுத்திடும் முன் பத்திரத்தின் சொத்து விவரப் பக்கத்தை மட்டுமாவது ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பழைய பத்திரத்தில் விரல் வைத்துச் சரிபாருங்கள். சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை, சதுர அடி. எங்களுடையதில் வடக்கும் தெற்கும் மாறியிருந்ததைப் படிக்காத சித்திதான் கண்டுபிடித்தார். "கோயில் எப்படிடா தெற்கே வரும்" என்றார்.

அப்புறம் வீட்டு வரி, குடிநீர், மின் இணைப்புப் பெயர் மாற்றம். பத்திர நகலும் வாரிசுச் சான்றிதழும் இருந்தால் இவை தானே நடக்கும்.

ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடி வில்லங்கம் போட்டுப் பாருங்கள். உங்கள் பத்திரம் சரியான சர்வே எண்ணில் ஏறியிருக்கிறதா, பெயர்கள் சரியா என்று. பிழை இருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் எழுத வேண்டும், அதற்கும் முன்பு கையெழுத்திட்ட அதே ஆட்கள் வேண்டும். எங்களுக்கு ஒரு இனிஷியல் தப்பாக ஏறியிருந்தது. அத்தை அப்போது ஊருக்கு வந்திருந்தார், விமானத்துக்கு நான்கு நாள் இருந்தது. அன்றைக்கே டோக்கன் எடுத்தோம்.